சர் அலெக் இசிகோனிஸ்

ஏஜியன் கடலின் கீழைக்கரையில் ஸ்மிர்னா என்னும் பழம்பெருந் துறைமுகம் உண்டு. இன்று அது இஸ்மீர் என வழங்குகிறது. துருக்கிக் குடியரசின் பெருநகரங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உதுமானியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், ஐரோப்பிய வணிகர் எனப் பல இனத்தார் அந்நகரில் கலந்து வாழ்ந்தனர். அங்கே கப்பற்பொறிகளைச் செய்தும் செப்பனிட்டும் வந்த பட்டறை ஒன்றின் உரிமையாளர் குடும்பத்தில், 1906-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், அலெக் இசிகோனிஸ் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் கிரேக்க மரபினர். ஆயினும் ஆங்கில நாட்டுக் குடியுரிமை பெற்றவர். தாயார் ஹுல்டா, ஜெர்மனியின் பவேரியப் பகுதியை மூலமாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றியவர்.

பட்டறையின் ஓசையும் நீராவிப் பொறிகளின் இயக்கமும் சிறுவன் அலெக்கின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவ்வின்ப வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. ஆங்கிலக் குடியுரிமை பெற்றிருந்த இசிகோனிஸ் குடும்பத்தார் பகைநாட்டினராகக் கருதப்பட்டனர். அவர்களுடைய பட்டறையும் அரசின் கைக்குப் போயிற்று. போர் ஓய்ந்த பின்னரும் அமைதி திரும்பவில்லை. 1919-இல் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. 1922 செப்டம்பரில் துருக்கியப் படை அதனை மீட்டது. அதையடுத்துப் பற்றிய பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. துறைமுகத்தில் நின்ற ஆங்கிலப் போர்க்கப்பல்கள் தம் நாட்டுக் குடிகளை ஏற்றிக்கொண்டு மால்டாத் தீவுக்குச் சென்றன. இசிகோனிஸ் குடும்பத்தார் வீட்டையும் பட்டறையையும் செல்வத்தையும் விட்டு வெறுங்கையராய் வெளியேறினர். நோயுற்றிருந்த தந்தையார் ஆங்கில நாட்டைக் காணாமலே இறந்தார். 1923-இல் தாயும் மகனும் இலண்டன் நகரை அடைந்தனர்.

இலண்டனில் பாட்டர்சி பல்தொழிற் கல்லூரியில் அலெக் பொறியியல் பயின்றார். ஓவியம் வரைவதில் அவருக்கு இயல்பான கைவன்மை இருந்தது. கணக்கோ அவருக்குக் கசந்தது. அப்பாடத்தில் மும்முறை தேர்வெழுதியும் அவர் வெற்றி பெறவில்லை. எனவே, பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. கல்லூரிப் பட்டயத்தோடு அவர் அமைய வேண்டியதாயிற்று. தூய கணக்கு புதுமை காணும் ஆற்றலுக்குப் பகை என்று பிற்காலத்திலும் அவர் கருதி வந்தார். இக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. அவர் வரைந்த கோட்டோவியங்களை அளந்து, கணித்து, தொழிற்சாலைக்கு உகந்த வரைபடங்களாக மாற்றித்தர ஜாக் டேனியல்ஸ் போன்ற பொறியாளர்கள் பல்லாண்டு அவர் அருகிலேயே இருந்தனர். அவர்கள் இல்லையேல் அவ்வோவியங்கள் தாளிலேயே தங்கியிருக்கும்.

கல்வி முடிந்ததும் தாயாரைச் சிங்கர் கார் ஒன்றில் அமர்த்தி ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தார். வழியில் அந்தக் கார் பலமுறை பழுதுபட்டு நின்றது. காரைப் படுத்துக் கிடந்து பழுதுபார்த்தபோது அவர் கற்றவை மிகப்பல. பின்னர் இலண்டனில் ஒரு நிறுவனத்திலும், அடுத்துக் கவென்ட்ரி நகரில் ஹம்பர் நிறுவனத்திலும் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் ஜார்ஜ் டௌசன் என்னும் நண்பரோடு சேர்ந்து பந்தயக் கார் ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்கினார். அதற்கென வாங்கிய கருவிகளும் குறைவு. செலவிட்ட பணமும் குறைவு. உழைத்த ஆண்டுகள்தாம் பல. எடை குறைந்த அந்தக் காரின் வில்லமைப்பில் எஃகுக்கு மாறாக இரப்பரைப் பயன்படுத்தினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் உலகமெங்கும் ஓடிய ஒரு காரின் விதை அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

1936-இல் அவர் ஆக்ஸ்போர்டு நகரிலிருந்த மாரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போர் முடிந்தபின் பொதுமக்கள் வாங்கத்தக்க சிறு கார் ஒன்றை வகுக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முழுக் காரையும், கதவின் கைப்பிடி முதலாக, ஒருவரே சிந்தித்து வகுத்தல் அக்காலத்திலும் அரிது. இசிகோனிஸ் அவ்வாறே செய்தார். கார் ஏறத்தாழ முடிந்த நிலையில் அதன் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. உடனே மாதிரிக் காரை நெடுக்காக இரு கூறாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் கார் கண்ணுக்கு இனியதாயிற்று. அந்த 4 அங்குலத்துக்கு ஏற்ப அனைத்தும் மாற்றப்பட்டன. அதன் எஞ்சின் மூடியின் நடுவே ஓடிய தட்டைப்பட்டை அவ்வறுவையின் நினைவாக நின்றது. இதுவே 1948 அக்டோபரில் இலண்டன் காட்சியில் வெளிவந்த மாரிஸ் மைனர். நிறுவனத் தலைவரான நஃபீல்டு பிரபுவுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. மக்களுக்கோ மிகவும் பிடித்தது. ஆங்கில நாட்டில் செய்யப்பட்ட கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டியது அதுவே. இலங்கைச் சாலைகளில் அந்தக் கார் நெடுங்காலம் ஓடிற்று. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் சென்ற பின்னும் அங்கே அதனைப் பேணிக் காப்போர் இருந்தனர்.

1952-இல் மாரிஸ் நிறுவனமும் அதன் நெடுநாட் போட்டியாளரான ஆஸ்டின் நிறுவனமும் ஒன்றாயின. இணைப்பு இசிகோனிசுக்கு உவப்பாக இல்லை. அவர் விலகி ஆல்விஸ் நிறுவனத்தில் சேர்ந்து பெரிய கார் ஒன்றை வகுத்தார். செலவு மிகுதி என்று அம்முயற்சி கைவிடப்பட்டது. 1955-இன் இறுதியில், ஒன்றிணைந்த நிறுவனத்தின் தலைவர் லியனார்டு லார்டு அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார்.

1956-இல் எகிப்தின் தலைவர் நாசர் சூயசுக் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதனையடுத்து எழுந்த போரால் கால்வாய் அடைபட்டது. மேற்காசிய எண்ணெய் ஆங்கில நாட்டுக்கு வருவது தடைப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அங்குப் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் நெடுந்தொலைவு ஓடும் மிகச்சிறு வண்டிகளை மக்கள் நாடலாயினர். மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்களுடன் நீர்க்குமிழி போன்ற கூடுடைய வண்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்து தெருவெங்கும் திரிந்தன. லியனார்டு லார்டுக்கு அவற்றைக் கண்டாலே வெறுப்பு. உண்மையான சிறு கார் ஒன்றைச் செய்து அவற்றைத் தெருவிலிருந்து விரட்ட வேண்டும் என்று அவர் 1957 மார்ச்சில் இசிகோனிசைப் பணித்தார். அவர் விதித்த கட்டுப்பாடு ஒன்றே: நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்த எஞ்சினையே பயன்படுத்த வேண்டும்.

அந்த எஞ்சின் நான்கு உருளைகள் கொண்டது; நீளமானது. காரின் மொத்த நீளமோ 10 அடிக்குள் அமைய வேண்டும் என்று இசிகோனிஸ் வரையறுத்துக்கொண்டார். நால்வர் நன்கு அமர வேண்டும். அவர்தம் பெட்டிகளுக்கும் இடம் வேண்டும். அந்நாளைய கார்களில் எஞ்சின் முன்பக்கத்தில் நெடுக்காக நிற்கும். அதன்பின் கியர்ப் பெட்டி இருக்கும். அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று காரின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். இம்முறையை 10 அடிக் காரில் பின்பற்றினால் காரில் பாதி பொறிக்கே போய்விடும்; தண்டுக்கு இடம்தரத் தரையின் நடுவே மேடும் எழும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்படித் திருப்பினால் கியர்ப் பெட்டிக்கு இடம் இல்லை. எனவே, அதனை எஞ்சினின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் பயன்பட்டது. முன்சக்கரங்களே காரை இழுத்துச் சென்றன. ஆதலால், பின்னோக்கி ஓடும் தண்டு வேண்டாததாயிற்று.

முன்சக்கரங்களால் காரை இழுப்பதும், எஞ்சினைக் குறுக்காக வைப்பதும் அவர் கண்ட புதுமைகள் அல்ல. பிரான்சு, ஜெர்மனி, சுவீடன் நாடுகளில் அவற்றைப் பலர் முன்னரே கையாண்டிருந்தனர். நான்கு உருளை எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு முழ நீளத்துக்குச் சற்று மிகுந்த இடத்தில் அடக்கியதே அவருடைய அருஞ்செயல். இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும் என்பதால், எக்கோணத்திலும் ஒரே சீராகச் சுழலும் மூட்டு ஒன்று இன்றியமையாததாயிற்று. அதற்கும் ஏற்ற வகை கிடைத்தது.

சக்கரங்களின் குறுக்களவு 10 அங்குலம். அந்நாளைய கார்களில் அவ்வளவு சிறிய டயர் அரிது. டன்லப் நிறுவனத்தார் அதனைப் புதிதாகச் செய்து தந்தனர். சக்கரம் சிறியதானால் அது காரினுள் புடைத்து இடத்தைப் பிடிக்காது. வில்லமைப்பில் மற்றொரு சிக்கல் இருந்தது. அந்தக் காரின் எடை 600 கிலோகிராம் அளவினதே. நால்வர் ஏறினால் அவர்கள் எடையே காரின் எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தனியொருவர் செல்லும்போது மென்மையாக இருக்கும் எஃகு வில், நால்வர் ஏறியதும் தரைதட்டும். நால்வருக்கென உறுதியாகச் செய்தால், தனியே செல்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். இசிகோனிசின் நண்பர் அலெக்ஸ் மோல்டன் இதற்கு வழி கண்டார். அவர் இரப்பரால் கூம்பு வடிவில் ஒரு வில்லைச் செய்தார். சுமை ஏற ஏற அது மேன்மேலும் விறைப்படையும் இயல்புடையது. முன்னாளில் பந்தயக் காரில் இசிகோனிஸ் நட்ட விதை இங்கே முளைத்தது.

தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மக்களுக்கும் மூட்டைகளுக்கும் உரியதாயிற்று. கதவுக் கண்ணாடிகள் இறங்குவதற்கு மாறாகப் பக்கவாட்டில் நகர்ந்தன; அதனால் வெறுமையான கதவின் உட்புறம் பொருள் வைக்கும் பெரிய பையாக அமைந்தது. கூட்டின் தகடுகளை ஒட்டவைத்த விளிம்புகள் வெளிப்புறமாகவே விடப்பட்டன. அது பற்றவைப்போர்க்கு எளிதாக இருந்தது. இருக்கைகளில் மட்டும் இசிகோனிஸ் கடுமை காட்டினார். ஓட்டுபவர் வசதியாகச் சாய்ந்தால் விழிப்புக் குன்றும் என்பது அவர் துணிபு. வானொலியும் வேண்டாம் என்றார். தமக்கு வேண்டாதது பிறர்க்கும் வேண்டாதது என்று முடிவு செய்யும் இவ்வியல்பு அவருக்கு இறுதிவரை இருந்தது. அவருடைய கார்களின் சிறப்புக்கும் அதுவே காரணம். குறைகளுக்கும் அதுவே காரணம்.

1957 அக்டோபரில் முதல் மாதிரிக் கார் ஓடியது. 1958 சூலையில் லார்டு அதனைச் சில நிமிடமே ஓட்டிப் பார்த்தார். பின்னர், ஓராண்டுக்குள் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவர வேண்டும் என்று ஆணையிட்டார். 1959 ஆகஸ்டு 26-இல் ஆஸ்டின் செவன், மாரிஸ் மினி-மைனர் என்னும் இரு பெயர்களில் அந்தக் கார் உலகுக்கு அறிமுகமாயிற்று. மக்கள் அதனை மினி என்றே அழைத்தனர். வரி உட்பட அதன் விலை 500 பவுனுக்கும் குறைவு. எஞ்சின் 848 கன சென்டிமீட்டர் அளவினது; மணிக்கு 72 மைல் விரைவு தரவல்லது.

விரைந்து செய்ததன் விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. தரைத்தகடுகளின் பொருத்து நீரை வெளியே விடுவதற்கு மாறாக உள்ளே இழுத்தது. மழையில் ஓட்டியவர்களின் கால்கள் நனைந்தன. மின்பொறியைப் பங்கிடும் கருவி காரின் முகப்பை நோக்கி இருந்தமையால், மழைநீர் பட்டு எஞ்சின் நின்றது. இக்குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. ஆனால், வேறொரு குறை எளிதில் களையக்கூடியதாக இல்லை. ஃபோர்டு நிறுவனத்தார் மினி ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து, அதன் அடக்கவிலையைக் கணக்கிட்டனர். ஒவ்வொரு காரிலும் 30 பவுன் அளவு நட்டம் ஏற்படும் என்று முடிவு கண்டனர் என்பர். காரின் பெருமை வளர்ந்த அளவுக்கு நிறுவனத்தின் கருவூலம் வளரவில்லை.

மினி பிறந்தது குடும்பங்களுக்காக. அதனைப் போட்டிக் களத்துக்கு இட்டுச் சென்றவர் ஜான் கூப்பர். சர்பிட்டன் என்னும் ஊரில் அவர் பந்தயக் கார்களைச் செய்துவந்தார். அவருடைய கார்களை ஓட்டியே ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிரபாம் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக வாகையர் ஆனார். மினி வளைவுகளில் தரையைப் பற்றித் திரும்பும் திறத்தைக் கூப்பர் வியந்தார். ஆற்றல் மிகுந்த எஞ்சினும் வலிய பிரேக்கும் பொருத்தினால் எதனையும் வெல்லலாம் என்றார். இசிகோனிஸ் இசையவில்லை. எளிய மக்களுக்காக வகுத்த காரை விரைவுப் பித்தர்களின் விளையாட்டுப் பொருளாக்குவதா என்பது அவர் எண்ணம். அவரே இளமையில் பந்தயக் கார் கட்டியவர் என்பதை எண்ணும்போது இத்தயக்கம் வியப்பைத் தருகிறது. கூப்பர் நிறுவன மேலாளர் ஜார்ஜ் ஹாரிமனிடம் முறையிட்டு இசைவு பெற்றார். 1961-இல் மினி கூப்பர் வந்தது. எஞ்சின் 997 கன சென்டிமீட்டராயிற்று. முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிரேக்குகள் வந்தன. 1963-இல் அதனினும் வலிய கூப்பர்-எஸ் தோன்றியது.

ராலி எனப்படும் நெடுவழிப் போட்டி, வட்டப் பாதையில் ஓடும் பந்தயம் போன்றதன்று. பொதுச்சாலைகளிலும் மலைவழிகளிலும், பனியிலும் இருளிலும், இரவு பகலாக, வகுத்த நேரத்துக்குள் ஊர்விட்டு ஊர் சென்று சேர வேண்டும். ஓட்டுநரோடு வழிகாட்டி ஒருவர் உடன் செல்வார். இவ்வகைப் போட்டியில் மினிக்கு முதற் பெரும் வெற்றியை ஈட்டித் தந்தவர் பாட் மாஸ் என்னும் மங்கை. 1962-இல் ஹாலந்து நாட்டுத் துலிப் ராலியில் அவரும் ஆன் விஸ்டம் என்னும் தோழியும் முதலிடம் பெற்றனர்.

இவ்வகைப் போட்டிகளுள் புகழ் மிக்கது மாண்டி கார்லோ ராலி. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து புறப்படும் கார்கள் நடுங்கும் சனவரிக் குளிரில் ஆல்ப்சு மலைகளைக் கடந்து மத்தியதரைக் கடற்கரையை அடையும். 1964-இல், பெல்ஃபாஸ்டு நகரினரான பாடி ஹாப்கர்க்கும் வழிகாட்டி ஹென்றி லிடனும் சோவியத்து ஒன்றியத்தின் மின்ஸ்க் நகரிலிருந்து செந்நிற மினி கூப்பர்-எஸ் ஒன்றில் புறப்பட்டனர். எதிரே அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன் கார்கள், நான்கு மடங்கினும் பெரிய எஞ்சின்களோடு நின்றன. நேர்ச்சாலையில் மினியால் அவற்றின் அருகிலும் செல்ல இயலாது. பனிபடர்ந்த மலை வளைவுகளிலோ நிலை வேறு. எஞ்சினின் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின்மேல் இருந்தமையால் மினி வழுக்காமல் ஏறிற்று. குறுகிய உடலால் இடுக்கு வழிகளிலும் எளிதாகப் புகுந்தது. எஞ்சினின் அளவுக்கேற்ப மதிப்பெண் வழங்கும் விதியும் சிறு காருக்குத் துணை நின்றது. ஹாப்கர்க் முதலிடம் பெற்றார். ஆங்கில நாடே அவ்வெற்றியைக் கொண்டாடிற்று.

1965-இல் பனி கடுமையாகப் பொழிந்தது. புறப்பட்ட 200-க்கு மேற்பட்ட கார்களுள் 40-க்கும் குறைவானவையே உரிய காலத்தில் மாண்டி கார்லோவை அடைந்தன. பின்லாந்து வீரர் டிமோ மாக்கினன் ஒருவரே வழியில் தண்டப்புள்ளி ஒன்றும் பெறாமல் வந்து வென்றார். 1966-இல் நிகழ்ந்ததோ வேறு. முதல் மூன்று இடங்களையும் மாக்கினன், ரானோ ஆல்ட்டனன், ஹாப்கர்க் ஆகியோரின் மினிகளே பிடித்தன. முடிவுக்குப்பின் நடுவர்கள் மணிக்கணக்கில் கார்களைப் பிரித்து ஆராய்ந்தனர். எஞ்சினில் குறை காணவில்லை. முகப்பு விளக்கில் ஒற்றை இழைக் குமிழ் பொருத்தப்பட்டிருந்தது. ஒளியைத் தாழ்த்தும் முறை விதிக்கு ஒவ்வாதது என்று கூறி மூன்று மினிகளையும் தள்ளினர். நான்காவதாக வந்த ஃபோர்டு காருக்கும் அதே கதி நேர்ந்தது. பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோவன் காரில் ஐந்தாவதாக வந்த பாலி டோய்வனன் வாகையராக அறிவிக்கப்பட்டார். அவ்வெற்றியை அவரே விரும்பவில்லை. விளக்கின் ஒளியால் மினிகள் வென்றன என்று எவரும் நம்பவில்லை. அத்தீர்ப்பால் மினியின் புகழ் மேலும் பரவியது. 1967-இல் ஆல்ட்டனன் மீண்டும் மாண்டி கார்லோவை மினிக்கு வென்று தந்தார்.

இசிகோனிஸ் அதற்குள் வேறு கார்களையும் வகுத்திருந்தார். 1962-இல் வந்த மாரிஸ் 1100 ஆங்கில நாட்டில் மிகுதியாக விற்பனையாயிற்று. அதனினும் பெரிய கார்கள் அவ்வளவு வெற்றி பெறவில்லை. சிறியதைச் சிறப்பாகச் செய்யத் தெரிந்த கைக்குப் பெரியது எளிதில் வாய்க்கவில்லை. 1967-இல் அரசக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1969-இல் அரசியார் அவருக்குச் சர் பட்டம் வழங்கினார். ஆனால், 1968-இல் நிறுவனம் மீண்டும் மற்றொன்றோடு இணைந்தபோது புதிய தலைவர்கள் அவரை ஓரத்தில் ஒதுக்கினர். மினியைவிடச் சற்றுக் குட்டையாகவும் உள்ளே அகன்றும் இருந்த புதிய கார் ஒன்றை அவர் வகுத்து ஓட்டியும் காட்டினார். அதனைச் செய்ய அவர்கள் முன்வரவில்லை. இதற்கிடையே, இத்தாலியில் தாந்தே ஜியகோசா என்னும் பொறியாளர் கியர்ப் பெட்டியை எஞ்சினின் அடியில் வைக்காமல் அதன் பக்கத்திலேயே பொருத்தும் முறையைக் கண்டார். பிற்காலத்துச் சிறு கார்களுள் பெரும்பாலானவை அம்முறையையே பின்பற்றின. குறுக்கு எஞ்சின் என்னும் வழியை உலகெங்கும் பரவச் செய்தது மினியே.

1971-இல் இசிகோனிஸ் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் உடன் பணியாற்றியோர் அவர் விரும்பியபடியே மெக்கானோ விளையாட்டுப் பெட்டியுள் மிகப் பெரியதைப் பரிசளித்தனர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. எரியும் நகரிலிருந்து தம்மோடு வெளியேறிய தாயாருடனேயே வாழ்ந்துவந்தார். 1972-இல் தாயாரும் மறைந்தார். அதன்பின் பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் பகுதியில், சிறு நீராவிப் பொறிகளைச் செய்துகொண்டும் புதிய எஞ்சின்களை வரைந்துகொண்டும் காலம் கழித்தார். 1988 அக்டோபர் 2-இல் அவர் காலமானார்.

அவர் வகுத்த கார் அவருக்குப் பின்னும் 12 ஆண்டுகள் உற்பத்தியாயிற்று. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து கடைசி மினி வெளிவந்தது. அதுவரை செய்யப்பட்டவை 53 இலட்சத்து 87 ஆயிரத்துக்கும் மேல். கடைசிக் காரின் நிறமும் மாண்டி கார்லோ மலைகளில் ஓடிய கார்களைப் போலவே சிவப்பு.